தெற்கெல்லை கடல்

உறுதியில் இப்படித்தான் கிடக்கிறது:
நான்கு பரப்பு, பதினொரு குழி.
கிழக்கு எஸ்தாக்கியாள் காணி, வடக்கு வீதி,
மேற்கு ஐஸ் கொம்பனி மதில்,
தெற்கு கடல்.
இதற்குள்பட்ட நிலம், கிட்டங்கி, நன்னீர்க் கிணறு
முழுவதும்.

நான் நில அளவைக்காரன்.
அந்த 'முழுவதும்' என்ற சொல்லைத்தான்
நாடா பிடித்து அளக்க அனுப்பியிருக்கிறார்கள்.

நிற்பது கிணறு மட்டும்.
அதுவும் இப்போது உவர்.
மிச்சத்தைக் கடதாசியிலிருந்து கட்டவேண்டும்:
முருகைக்கல் சுவர், இரண்டு முழத் தடிப்பு,
பனை வளை, கள்ளிக்கோட்டை ஓடு,
வீதிப்பக்கம் ஒரு கதவு, கடல்பக்கம் மூன்று.
கட்டினவன் எந்தப் பக்கம் பார்த்துப் பிழைத்தான்
என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கதிரித்தம்பி இங்கிருந்து புகையிலை ஏற்றினான்,
சிப்பம் சிப்பமாய்த் திருவனந்தபுரத்துக்கு.
முழங்கால் தண்ணீரில் வத்தை கரைக்கு வராது.
நாட்டாமைகள் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்
கடலுக்குள் ஒரு தெரு போவதுபோல.
அந்தருக்கு இரண்டு சதம்.
ஒருமுறை மூன்று சதம் கேட்டுப்
பதினேழு நாள் தண்ணீரில் இறங்காமல் இருந்தார்கள்.
அந்த மாதக் கணக்கில்
கணக்கப்பிள்ளை எழுதியிருக்கிறார்: மழை.
அது ஆனி மாதம்.

ஐம்பத்திரண்டில் அசனாலெப்பை வாங்கினார்.
சீமெந்து, தகரம், கம்பி.
புகையிலை நெடி போக
ஒரு மாதம் சாம்பிராணி போட்டாராம்.
அதற்குப் பிறகும் சீமெந்துப் பை தூக்கியவர்கள்
தும்மிக்கொண்டுதான் வீதிக்கு ஏறினார்கள்.
இந்தப் பட்டினத்தில் பாதி வீடுகளின் அத்திவாரத்துக்குள்
அந்தத் தும்மல் இருக்கிறது.

தொண்ணூறு, ஐப்பசி.
இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள்.
யார், யாருக்கு என்று
இந்த ஊரில் எழுதத் தேவையில்லை.
எழுதாமல் விட்டதும் போதும்.

ஓடு முதலில் போனது.
பிறகு வளை, பங்கருக்கு.
பிறகு கல். இரவில்,
ஒரு சைக்கிளுக்கு இரண்டு.
குண்டு விழுந்தது என்கிறார்கள். விழுந்ததுதான்.
ஆனால் குண்டு
கல்லைக் கொண்டுபோகாது.

இன்று காலை புத்தளம் பஸ்ஸில் வந்தவ மசூதா.
அசனாலெப்பையின் கடைசி மகள்.
பொலித்தீன் உறைக்குள் உறுதியின் போட்டோப்பிரதி.
"நடுக்கதவில இருந்து தண்ணிக்கு
நாப்பத்திமூண்டு எட்டு. வாப்பா சொல்லுவார்."
நான் நாட்டிய கம்பிலிருந்து நடக்கத் தொடங்கினா.
முப்பத்தொன்றில் கால் நனைந்தது.
நிற்கவில்லை.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
எண்ணி முடிக்கும்வரை போய்
கெண்டைக்கால் தண்ணீரில் நின்று திரும்பினா.
"இதுவும் எங்கடதானே?"

கடல் அரசாங்கத்துக்கு, என்றேன்.

"அப்ப அது ஏன் எங்கட காணிக்குள்ள வந்தது?"

சட்டப்படி இதற்கு ஒரு பதில் இருக்கிறது.
குறிப்பேட்டில் ஒன்பது குழி குறைவு என்று எழுதினேன்.
நாடாவைச் சுருட்டினேன்.
விரித்தேன்.
மறுபடி சுருட்டினேன்.

எங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்
ஒரு முழ நீளம்.
ஒரு பக்கத்தில் இன்னும் சுண்ணாம்புச் சாந்து.
அப்பா சைக்கிள் மிதிக்க
பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது நான்.
எனக்குப் பன்னிரண்டு வயது.
மற்றக் கல் எங்கே போனதென்று தெரியாது.

சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஐஸ் கொம்பனி மதிலையே பார்த்தா.
"தேஞ்சு போச்சோ?"
இல்லை, என்றேன். நடுவில் மட்டும் கொஞ்சம்.
நாளைக்கு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

ஈரக்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுச்
செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டா:

"கொண்டுவந்து
எங்க வைக்கிறது?"